கரண்டிக் காம்பில் ஒரு மோதிரம்

பழம்பொருள் விற்கும் ஆங்கிலக் கடை ஒன்றில் ஒரு வெள்ளி மோதிரத்தை உங்கள் கையில் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முழு வட்டமாக மூடிய மோதிரம் அன்று. சுருண்டு படுத்த பாம்பைப் போல ஒரு பட்டை விரலைச் சுற்றி வந்து தன்மேலேயே சாய்ந்து நிற்கிறது. பட்டையின் ஒரு முனை விசிறிபோல் அகன்று, சிப்பி வடிவ வேலைப்பாட்டுடன் முடிகிறது. உள்பக்கத்தைத் திருப்பினால் வரிசையாகச் சில சிறு குழிகள் தெரிகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், நடக்கும் சிங்கம் ஒன்று, ஒரு விலங்கின் முகம், ஓர் அரசரின் தலை, ஓர் எழுத்து, பிறகு யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

மோதிரம் செய்தவர் இவற்றைப் பொறிக்கவில்லை. இந்தப் பட்டை ஒரு காலத்தில் உணவு மேசையில் கிடந்த கரண்டியின் காம்பு. கரண்டியின் குழிப்பகுதியை அறுத்து நீக்கிவிட்டுக் காம்பை வளைத்திருக்கிறார்கள். மேலை நாடுகளில் பழைய வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும் இப்படி மோதிரமாகவும் காப்பாகவும் பதக்கமாகவும் மாறி விற்பனைக்கு வருகின்றன.

மோதிரத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சில கேள்விகள் எழும். இது வெள்ளிதானா? எத்தனை ஆண்டுப் பழமை உடையது? இதை வெட்டியது சரியா? இவற்றுக்கு விடை அந்த உள்பக்கக் குழிகளிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் கரண்டியை வெட்டினால், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது, விடைதான் அழிந்துபோகும். அந்தக் குழிகளின் வரலாற்றையும், கரண்டி மோதிரமாகும்போது உலோகத்துக்குள் நிகழ்வதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மேசைமேல் ஒரு சேமிப்பு

நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கும் சந்தனக் கிண்ணமும் பொருளாகவும் இருக்கின்றன, சேமிப்பாகவும் இருக்கின்றன. முடை வந்தால் எடைக்கு விலையாகிவிடும். வங்கிகள் பரவாத காலத்து இங்கிலாந்திலும் இதே நிலைதான். கையில் பணம் மிகுந்தபோது வெள்ளி நாணயங்களைக் கொல்லரிடம் கொடுத்துத் தட்டும் கரண்டியும் செய்துகொண்டார்கள். பணம் தேவைப்பட்டபோது தட்டும் கரண்டியும் மீண்டும் நாணயமாயின. நாணயத்துக்கும் கரண்டிக்கும் ஒரே மாற்று விதிக்கப்பட்டிருந்ததால் இந்தப் போக்குவரத்து எளிதாக நடந்தது.

'மாற்று' என்பது ஓர் உலோகக் கலவையில் உள்ள தூய வெள்ளியின் அளவு. தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் செய்த கரண்டி சற்று அழுத்தினாலே வளைந்துவிடும். ஆகவே சிறிது செம்பு சேர்த்துக் கடினமாக்கினார்கள். 12 அவுன்ஸ் எடையுள்ள ஒரு டிராய் பவுண்டில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் தூய வெள்ளி இருக்கவேண்டும் என்பது ஆங்கிலேயர் வகுத்த விதி. ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட். எனவே மொத்தம் 240 பங்கில் 222 பங்கு வெள்ளி. கணக்கிட்டால் 92.5 விழுக்காடு. இதுவே 'ஸ்டெர்லிங்' எனப்படும் தரம். இன்று வெள்ளி நகைகளில் 925 என்ற எண்ணைக் காண்கிறீர்கள் அல்லவா? அது இந்தப் பழைய கணக்கின் மறுவடிவமே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செம்பை இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் பொருள் வெள்ளியைப் போலவே மின்னும். 92.5 விழுக்காடு வெள்ளிக்கும் 80 விழுக்காடு வெள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உறுதியாகக் கண்டுபிடிக்காது. நாணயத்துக்குச் சமமாக மதிக்கப்படும் ஒரு பொருளில் இத்தகைய மோசடி நடந்தால் வாங்கியவர் மட்டுமன்றி அரசும் ஏமாறும். முத்திரை பிறந்தது இந்த அச்சத்தில்தான்.

முத்திரைகள் வந்த வரிசை

1300ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் எட்வர்டின் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. பொற்கொல்லர் தொழிலின் காப்பாளர்கள் வெள்ளிப் பொருளைச் சோதித்து, சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே அது கொல்லரின் கையை விட்டுப் போகலாம் என்றது அச்சட்டம். சிறுத்தை என்று பெயரே தவிர, உருவத்தைப் பார்த்தால் நம்மை நேராக நோக்கும் சிங்கமுகம்தான். அக்காலக் கொடி, கேடயச் சின்னங்களின் மரபில் அப்படி அழைத்தார்கள்.

1363இல் ஒவ்வொரு கொல்லரும் தமக்கெனத் தனி அடையாளம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று விதி வந்தது. 1478 முதல் சோதனைக்காகப் பொருள்களை இலண்டன் பொற்கொல்லர் மன்றத்துக்கே கொண்டுவரவேண்டியிருந்தது. மன்றத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹால்'. அங்கே குத்தப்பட்ட குறி 'ஹால்மார்க்'. அதே ஆண்டிலிருந்து எழுத்து முத்திரையும் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. பொருளில் குறை கண்டால் அந்த ஆண்டு சோதனை செய்த அலுவலரைப் பிடிக்கலாம் என்பதே இதன் நோக்கம். அன்று ஒருவரைப் பொறுப்பாக்க வைத்த எழுத்து இன்று நமக்கு ஆண்டைக் காட்டுகிறது. இலண்டனில் இருபது எழுத்துகள் முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் மாறும். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் சாய்வையும் சட்டத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

1544இல் நடக்கும் சிங்கம் வந்தது. ஸ்டெர்லிங் தரத்தின் அடையாளமாக அது நிலைத்தது. 1784இல் வெள்ளிப் பொருள்களின்மீது வரி விதித்தபோது, வரி கட்டியாயிற்று என்பதற்குச் சான்றாக ஆளும் அரசரின் தலையையும் குத்தினார்கள். 1890இல் வரி நீங்கியதும் தலையும் நீங்கியது. இலண்டன் சிறுத்தையின் தலையில் இருந்த முடி 1821இல் எடுக்கப்பட்டது. பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு நகரங்களுக்கு 1773இல் சொந்தச் சோதனை நிலையங்கள் கிடைத்தன. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு மணிமுடி. பின்னாளில் 1975இல் மணிமுடிக்குப் பதிலாக ரோஜா வந்தது.

இப்போது உங்கள் கையிலுள்ள மோதிரத்துக்கு வருவோம். சிறுத்தையின் தலையில் முடி இல்லை. அரசரின் தலை இருக்கிறது. அப்படியானால் அந்தக் கரண்டி 1821க்கும் 1890க்கும் இடையில் இலண்டனில் முத்திரை பெற்றது. சிறுத்தைக்கு முடியும் இருந்து அரசரின் தலையும் இருந்தால், 1784க்கும் 1821க்கும் இடைப்பட்டது. எழுத்தை அட்டவணையில் தேடினால் ஆண்டே தெரிந்துவிடும். வேதியியல் ஆய்வு எதுவும் இன்றி, கண்ணும் ஒரு கண்ணாடியும் கொண்டே இவ்வளவு சொல்ல முடிகிறது.

முதலெழுத்துகள் இன்னும் ஒருபடி மேலே போகும். 'எச்.பி.' என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஹெஸ்டர் பேட்மன் என்ற இலண்டன் பெண்மணி, கணவர் இறந்த பிறகு அவருடைய பட்டறையைத் தாமே ஏற்று, 1761இல் தம் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் கரண்டி, முட்கரண்டி போன்ற எளிய பொருள்களே அங்கு உருவாயின. 1790இல் அவர் ஓய்வு பெற்றபோது அது பெயர்பெற்ற பட்டறையாகியிருந்தது. ஒரு கைம்பெண் பட்டறை நடத்தி வெற்றி பெற்றதற்கு அந்தச் சிறு குறி ஓர் ஆவணம். அதை அறியாமல் இரம்பத்தை வைப்பவர் எதை அறுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

முத்திரைக்குப் பின்னால் இருந்த சோதனையும் அறியத்தக்கது. பொருளிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நிறுப்பார்கள். அதை ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி ஆக்சைடுகளாகும். அவற்றைச் சாம்பல் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி மட்டும் முத்துப்போல் எஞ்சும். அதை மீண்டும் நிறுத்தால் மாற்று தெரிந்துவிடும். நம் கொல்லர்கள் புடமிடுதல் என்று சொல்வதும் இவ்வகைச் செயலே. இன்று எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, பொருளைச் சுரண்டாமலே அளக்கிறார்கள். ஆக, ஒரு முத்திரை என்பது அளவையின் முடிவை உலோகத்திலேயே எழுதிவைப்பதாகும்.

உருகிப் போனவை

வெள்ளி எளிதில் உருகும். 962 பாகை செல்சியஸ் போதும். அதனால் அதற்கு வரலாற்றில் நேர்ந்த இழப்புகள் மிகப் பல.

1640களில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் முதலாம் சார்லஸ் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கிப் போர் நடத்தினார். படைக்குச் சம்பளம் தரவேண்டும். 1643இல் அங்கே ஒரு நாணயச்சாலை நிறுவப்பட்டது. கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்திருந்த வெள்ளிக் கலங்கள் நாணயமாயின. பிரான்சில் பதினான்காம் லூயி 1689இல் வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் போர்ச் செலவுக்காக உருக்க அனுப்பினார். அவற்றின் அழகை இன்று ஓவியங்களிலும் எழுத்துகளிலும்தான் அறிய முடியும்.

இதற்கு நேர்மாறான போக்கும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வெள்ளி நாணயங்களின் விளிம்பைச் சீவி எடுத்து உருக்கினார்கள். சீவலும் ஸ்டெர்லிங், கரண்டியும் ஸ்டெர்லிங். ஆகவே சீவலைக் கரண்டியாக்கினால் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1696இல் நாணயங்களை எல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சிடும் பெரும்பணி தொடங்கியது. அதே ஆண்டில் நாணயச்சாலையின் காப்பாளராகப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? இயக்க விதிகளைத் தந்த ஐசக் நியூட்டன்தான். 1697இல் வெள்ளிக் கலங்களுக்கு மட்டும் மாற்றை 11 அவுன்ஸ் 10 பென்னிவெயிட்டாக, அதாவது 240க்கு 230 பங்காக, ஏறத்தாழ 95.8 விழுக்காடாக உயர்த்தினார்கள். இனி நாணயச் சீவலை அப்படியே கரண்டியாக்க முடியாது. தூய வெள்ளி சேர்த்தாகவேண்டும். இத்தரத்துக்கு அமர்ந்த பெண் உருவமாகிய 'பிரிட்டானியா' முத்திரையானது. 1720இல் பழைய தரத்துக்கும் மீண்டும் அனுமதி கிடைத்தது.

அந்த 1720இலேயே எடைக்கேற்ற வரியும் வந்தது. உடனே ஒரு புதுத் தந்திரமும் பிறந்தது. சிறிய பொருள் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பிச் சிறிதளவு வரி கட்டி முத்திரை பெறுவார்கள். பிறகு முத்திரை உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பெரிய கூசாவின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். பெரிய பொருளுக்கு வரி மிச்சம்! முத்திரை உண்மையானது, ஆனால் அது சொல்வது பொய். இதனால்தான் முத்திரை பெற்ற பொருளில் பின்னர் மாற்றம் செய்வதைச் சட்டம் ஐயத்துடன் பார்க்கிறது. பிரிட்டனின் 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டமும் இத்தகைய மாற்றங்களைச் சோதனை நிலையத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியிருக்கிறது. 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை அங்கே வெள்ளி என்று சொல்லி விற்கவேண்டுமானால் பொதுவாக முத்திரை வேண்டும்.

பழைய கரண்டியைப் புதுப்பொருளாக மாற்றுவதும் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த எளிய கரண்டிகளை எடுத்து, குழியில் பழங்களும் இலைகளும் புடைக்கச் செய்து, தங்க முலாம் பூசிப் 'பழக் கரண்டி' என்று விற்றார்கள் விக்டோரியா அரசியின் காலத்துக் கொல்லர்கள். பழைய முட்கரண்டிகள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருப்பதால், பழைய கரண்டிகளை முட்கரண்டியாக மாற்றி ஏமாற்றியவர்களும் உண்டு. கரண்டி மோதிரம் இந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்தது. வேலைக்காரர்கள் எசமானர் வீட்டுக் கரண்டியைத் திருடித் திருமண மோதிரம் செய்துகொண்டதில்தான் இப்பழக்கம் தொடங்கியது என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அதைச் சுவையான கதையாகக் கேட்டுக்கொள்வோம், வரலாறாகக் கொள்ளவேண்டாம்.

வெள்ளி அல்லாத வெள்ளி

நாம் 'எவர்சில்வர்' என்கிறோம். அதில் வெள்ளி இல்லை. 'ஜெர்மன் சில்வர்' என்கிறோம். அதிலும் வெள்ளி இல்லை. பழைய கரண்டிகளின் உலகில் இந்தப் பெயர்க் குழப்பம் மிகுதி.

1743 அளவில் ஷெஃபீல்டு நகரத்துத் தாமஸ் போல்சோவர் என்ற கத்தி செய்பவர், செம்புக் கட்டியின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துக் காய்ச்சினால் இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொள்வதையும், தட்டித் தகடாக்கினால் இரண்டும் ஒன்றாகவே விரிவதையும் கண்டார். குறைந்த வெள்ளியில் வெள்ளித் தோற்றம் கிடைத்தது. அடுத்த நூறாண்டுக்கு 'ஷெஃபீல்டு தகடு' நடுத்தர மக்களின் மேசையை அணி செய்தது.

அதை வீழ்த்தியது மின்சாரம். 1840இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளி சீராகப் படியும் என்பதை அவர்களுக்குக் காட்டியவர் ஜான் ரைட் என்ற மருத்துவர். 1830களில் ஃபாரடே கண்ட மின்பகுப்பு விதிகளே இதன் கணக்கு. 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 4 கிராம் வெள்ளி படியும். நேரத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்தே முலாமின் கனத்தை முடிவு செய்யலாம். நல்ல முலாமே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான் இருக்கும்.

முலாமுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை. சீனர்கள் முன்பே அறிந்திருந்த இதைப்போன்ற ஒரு கலவையைப் பார்த்து 1820களில் ஜெர்மானியர் செய்ததால் ஜெர்மன் சில்வர் எனப் பெயர் வந்தது. ஆங்கிலக் கரண்டிகளின் பின்புறத்தில் 'ஈ.பி.என்.எஸ்.' என்ற நான்கு எழுத்துகளைக் கண்டால், மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்று பொருள். சில உற்பத்தியாளர்கள் இவ்வெழுத்துகளைத் தனித்தனிச் சட்டங்களுக்குள் அடித்தார்கள். பார்வைக்கு அவை ஹால்மார்க் வரிசை போலவே தோன்றும். சிங்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருக்காது.

நகையாகும்போது இந்த வேறுபாடு உடலையே தொடும். மேசைக் கரண்டியைச் சில நிமிடம்தான் பிடிக்கிறோம். மோதிரம் நாள் முழுதும் வியர்வையில் நனைகிறது. முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடும். நிக்கல் பலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். இதனால் தோலைத் தொடும் பொருள்களிலிருந்து வெளியேறக்கூடிய நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் 1994இல் வரம்பு விதித்தன.

மேசையை விட்டு இறங்கிய வெள்ளி

வெள்ளிக் கரண்டி ஏன் வெட்டுவதற்கு மலிவாயிற்று? வியப்பான செய்தி, காரணம் ஷெஃபீல்டிலேயே பிறந்ததுதான். வெள்ளிக் கரண்டிகளுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் 1913இல் ஹாரி பிரேர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். நம் எவர்சில்வர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். முட்டை பட்டாலே கறுத்துவிடும். ஓயாமல் துலக்கவேண்டும். வேலையாட்கள் நிறைந்த பெரிய வீடுகள் போர்களுக்குப் பிறகு குறைந்தன. எஃகுக் கரண்டி மேசைக்கு வந்தது. வெள்ளிக் கரண்டி இழுப்பறைக்குள் போனது.

அமெரிக்காவில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1859இல் நெவாடாவில் கண்டறியப்பட்ட காம்ஸ்டாக் சுரங்கம் போன்றவற்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளி மிகுந்தது. கொடிகளும் மலர்களும் நிறைந்த கணக்கற்ற வடிவங்களில் கரண்டிகள் உற்பத்தியாயின. ஊர்ப்பெயரும் சின்னமும் தாங்கிய நினைவுக் கரண்டிகள் 1890களில் பெரிய மோகமாயின. அங்கே ஆங்கிலேய முறையில் சோதனை நிலையங்கள் இல்லை; 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லையே பொறித்தார்கள். தவறான பொறிப்பைத் தடுக்க 1906இல் ஒரு சட்டம் வந்தது. இந்தக் கரண்டிகளின் பேரர் தலைமுறைதான் 1960களின் இறுதியிலும் 1970களிலும் கரண்டி மோதிரத்தை நாகரிகமாக்கியது.

உடனே ஒரு பெரும் புயல் அடித்தது. ஹன்ட் சகோதரர்கள் என்ற டெக்சாஸ் செல்வர்கள் வெள்ளியைப் பெருமளவில் வாங்கிக் குவித்தார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸுக்கு 6 டாலர் அளவில் இருந்த விலை, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. 1980 மார்ச் 27ஆம் நாள் 11 டாலருக்கும் கீழே சரிந்தது. இடைப்பட்ட மாதங்களில் மக்கள் குடும்பக் கரண்டிகளை எடைக்குப் போட்டார்கள். எண்ணற்ற பழைய கலங்கள் உலைக்குள் சென்றன. அவற்றில் இருந்த முத்திரைகளை யாரும் படித்துக்கொண்டிருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால் கரண்டி மோதிரத்தைப் பற்றிய நம் தீர்ப்பு சற்று மாறும். கரண்டியை முழுதாக வைத்திருப்பது ஒரு வழி. உருக்குவது ஒரு வழி. மோதிரமாக்குவது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வடிவத்தில் பாதி போகும். வேலைப்பாடும் முத்திரையும் தப்பலாம். தப்புமா என்பது செய்பவரின் கையில் இருக்கிறது.

வளையும்போது நடப்பது

காம்பின் கனம் 2 மில்லிமீட்டர், மோதிரத்தின் உள்விட்டம் 18 மில்லிமீட்டர் என்று கொள்வோம். உள்பரப்பின் ஆரம் 9, வெளிப்பரப்பின் ஆரம் 11, நடுப்பரப்பின் ஆரம் 10 மில்லிமீட்டர். வளைக்கும்போது நடுப்பரப்பின் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே வெளிப்பரப்பு 10க்கு 11 என நீள்கிறது. உள்பரப்பு 10க்கு 9 எனச் சுருங்குகிறது. அதாவது இருபுறமும் 10 விழுக்காடு மாற்றம்.

பதப்படுத்திய ஸ்டெர்லிங் வெள்ளி இதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் கரண்டி பதப்படுத்திய நிலையில் இருப்பதில்லை. அடித்தும் உருட்டியும் செய்யப்பட்டதால் அதன் உலோகம் இறுகியிருக்கிறது. உலோகப் படிகங்களில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் உலோகம் வளைகிறது. அடிக்க அடிக்க அடுக்குகளில் உள்ள ஒழுங்கின்மைகள் பெருகி, ஒன்றையொன்று மறித்து, வழுக்கலைத் தடுக்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டம் நெருக்கியடித்து நகராமல் நிற்பதைப் போன்றது இது. அந்நிலையில் வளைத்தால் வெளிப்பரப்பில் விரிசல் காணும்.

இதற்குத் தீர்வு வெப்பம். 600 முதல் 650 பாகை செல்சியஸ் வரை, மங்கலான செந்நிறம் காணும் அளவுக்குக் காய்ச்சினால் புதிய படிகங்கள் தோன்றி உலோகம் மீண்டும் மென்மையாகும். அதிகம் காய்ச்சக்கூடாது. செம்பு கலந்திருப்பதால் ஸ்டெர்லிங் ஏறத்தாழ 800 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். கூரிய விளிம்புள்ள சிறு முத்திரைகள் மழுங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுப் படும்படி காய்ச்சினால் ஆக்சிஜன் உள்ளே புகுந்து செம்பைப் பற்றும். மேற்பரப்புக்குக் கீழே செம்பு ஆக்சைடு படலம் உண்டாகி, மெருகிட்டாலும் போகாத சாம்பல் நிறக் கறை தெரியும். அதை நீக்க அரத்தால் தேய்த்தால் முத்திரையும் தேய்ந்துபோகும். ஆகவே தேர்ந்த கொல்லர் வெண்காரம் போன்ற பூச்சால் பரப்பை மூடிக் காய்ச்சுவார். இரும்புச் சுத்தியலை ஒதுக்கி, மரச் சுத்தியலால் தட்டி வளைப்பார்.

முத்திரை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆங்கிலக் கரண்டிகளில் 1780களுக்கு முன்பு முத்திரைகளைக் காம்பின் பின்புறத்தில் குழிக்கு அருகே குத்தினார்கள். பின்னர் காம்பின் நுனிக்கு அருகே குத்தும் வழக்கம் வந்தது. மோதிரத்துக்கு நுனிப்பகுதியையே எடுப்பார்கள். ஆகவே பிற்காலக் கரண்டியில் முத்திரை மோதிரத்தின் உள்பக்கத்தில் தங்கிவிடும். சற்றுச் சுருங்கினாலும் படிக்க முடியும். அதற்கு முற்பட்ட கரண்டியில் முத்திரை, வெட்டி ஒதுக்கிய துண்டோடு போய்விடும். பழமையில் மூத்த கரண்டிதான் வெட்டினால் ஊமையாகிறது. இது நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

மின்முலாம் பூசிய கரண்டியைக் காய்ச்சுவதும் வீண். மெல்லிய வெள்ளிப் படலம் வெப்பத்தில் கெட்டு, அடியிலுள்ள கலவை வெளியே தெரியும். குளிர்ந்த நிலையில் வளைத்தாலும் நீளும் புறத்தில் முலாம் வெடிக்கலாம்.

தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

முத்திரை தேய்ந்துபோன கரண்டியை என்ன செய்வது? ஆர்க்கிமிடீசை அழைப்போம். ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.4 கிராம், நிக்கல் சில்வரின் அடர்த்தி ஏறத்தாழ 8.7 கிராம். 52 கிராம் எடையுள்ள கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லிங் ஆனால் அதன் பருமன் 5 கன சென்டிமீட்டர். நிக்கல் சில்வர் ஆனால் 6 கன சென்டிமீட்டர். நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் மூழ்கவிட்டு நிறுத்தால், முன்னது 5 கிராம் எடை இழக்கும். பின்னது 6 கிராம் இழக்கும். பள்ளி ஆய்வகத் தராசிலேயே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கரண்டிக்கு ஒரு கீறலும் விழாது. கத்திகளை மட்டும் இவ்வாறு சோதிக்கவேண்டாம். அவற்றின் கைப்பிடிக்குள் வேறு பொருள் அடைத்திருப்பார்கள்.

எதை வெட்டலாம்?

குழி உடைந்த கரண்டி, கூட்டத்திலிருந்து பிரிந்து தனித்துப்போன கரண்டி, ஆயிரக்கணக்கில் உற்பத்தியான பிற்கால வடிவங்கள் ஆகியவற்றை நகையாக்குவதால் வரலாற்றுக்குப் பெரிய நட்டம் இல்லை. இழுப்பறையில் கறுத்துக் கிடந்தது ஒருவர் விரலில் வாழ்கிறது. உலைக்குப் போகாமல் தப்புகிறது. ஆனால் ஒரே ஆண்டு எழுத்தும் ஒரே கைவினைஞரின் குறியும் தாங்கி முழுமையாக நிற்கும் ஆறு அல்லது பன்னிரண்டு கரண்டிகளின் தொகுதியைப் பிரிக்கக்கூடாது. பதினேழாம் நூற்றாண்டுக்கும் அதற்கு முன்னும் உரியவை எஞ்சியிருப்பதே மிகக் குறைவு என்பதை மேலே கண்டோம். அவற்றில் இரம்பம் படவே கூடாது. எதை வெட்டினாலும் வெட்டுவதற்கு முன் நிறுத்து, அளந்து, முத்திரைகளைப் படம் எடுத்து வைப்பது நல்லது. அந்தக் குறிப்பு மோதிரத்தோடு சேர்ந்து போகவேண்டும்.

இந்தச் செய்தி ஆங்கிலேயர் மேசைக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் வெள்ளிக்கு ஹால்மார்க் முறை 2005இல்தான் வந்தது. நம் வீட்டுப் பழைய கலங்களில் சிங்கமும் சிறுத்தையும் இருக்காது. ஆனால் பெயர் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயர், ஊர், சில வேளைகளில் திருமண நாள். பழைய வெள்ளியைப் போட்டுப் புதியது வாங்கும்போது கடைக்காரர் எடை பார்ப்பார், மாற்றுப் பார்ப்பார், சேதாரம் கழிப்பார். அந்த எழுத்துகளுக்கு அவருடைய கணக்கில் இடம் இல்லை. அணுக்கள் அழிவதில்லை, உங்கள் பாட்டியின் கும்பாவில் இருந்த வெள்ளி நாளை வேறொருவர் காலில் கொலுசாகத் தொடர்ந்து இருக்கும். அழியக்கூடியது அதில் எழுதியிருந்தது மட்டுமே. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் திருப்பிப் பார்த்து, எழுதியிருப்பதை ஒரு முறை படித்து, ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.